கேட் நாயின் வம்சம்

ஓசூர் சிப்காட்டில் கம்பெனி கேட்டுக்கு ஒரு நாயாவது படுத்திருக்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடைக்கு வருகிறவர்கள் பொறையைப் பிய்த்துப் போடுவார்கள். காது மடிந்திருந்தால் ‘லேப் கிராஸ்’, வால் புசுபுசுவென்று இருந்தால் ‘பொமரேனியன் கிராஸ்’. எதுவும் பொருந்தாவிட்டால் தமிழில் தெரு நாய், கன்னடத்தில் பீதி நாயி, தெலுங்கில் வீதி குக்க. மூன்று பாஷையும் புழங்கும் ஊர். மூன்றிலும் அது தெருவுக்குத்தான் சொந்தம்.

கண்ணால் பார்த்து வம்சம் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவர், தத்தெடுக்கப்பட்ட 20 கலப்பு நாய்களுக்குக் காப்பகங்கள் சொன்ன இனத்தை டிஎன்ஏ முடிவோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அந்த டிஎன்ஏ பரிசோதனையின் வேர் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் எலைன் ஆஸ்ட்ராண்டர் நோய்களுக்கான மரபணுக்களை நாய்களிடம் தேடிக்கொண்டிருந்தார். சாதி நாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கூடுவதால், குறிப்பிட்ட நோய்கள் குறிப்பிட்ட இனத்திலேயே தங்கிவிடுகின்றன. மரபணுவைப் பிடிப்பது சுலபம். ஆனால் இனங்களுக்கிடையே உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா? 2004-ல் ஹெய்டி பார்க்கர் என்ற ஆய்வாளரும் ஆஸ்ட்ராண்டரும் 85 இனங்களைச் சேர்ந்த 414 நாய்களை 96 மரபணுக் குறியீடுகளை வைத்துப் பார்த்தார்கள். இனத்தின் பெயரைச் சொல்லாமல் கொடுத்தும், கணினி 99 சதவீத நாய்களைச் சரியான இனத்தில் சேர்த்தது. சாதி நாயை இப்படிப் பிரிக்க முடிந்தால், கலப்பு நாய்க்குள் இருப்பதையும் பிரிக்கலாம் அல்லவா? அந்த மையத்தின் உரிமத்தோடு மார்ஸ் நிறுவனம் 2007-ல் விஸ்டம் பேனல் என்ற பரிசோதனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது டாக்டரிடம் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து அனுப்புவது பிறகு வந்த வசதி.

எனக்கு முக்கியமாகப் படுவது இதன் பிறகு நடந்தது. இந்தப் பரிசோதனை ஓர் ஒப்பீடு. கையில் இருக்கும் பட்டியலுக்குள்தான் அது தேடும். அந்த இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளில் ஐரோப்பாவில் உருவானவை. அந்தப் பட்டியலுக்கு வெளியே வாழும் நாய்களைச் சகோதரர்களான ஆடம் பாய்கோவும் ரயன் பாய்கோவும் நாடு நாடாகப் போய்த் தேடினார்கள். 2015-ல் வெளியான ஆய்வில் 38 நாடுகளின் 549 ஊர் நாய்கள் இருந்தன. தென் அமெரிக்க ஊர் நாய்கள் கிட்டத்தட்ட முழுக்க ஐரோப்பிய வழி. வியட்நாம், எகிப்து, இந்திய நாய்களிலோ ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவு.

பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் ஓசூரில் நிஜமான லேப் கிராஸ் இல்லாமல் போகாது. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆட்டுக்குப் பின்னால் நடக்கும் செவலை நாயைக் கலப்பு என்று சொல்வதே தவறு. அது எதுவும் கலந்து உண்டானதல்ல. லேப் என்ற இனம் உருவாகும் முன்பே இங்கே இருந்த வம்சம்.

பாய்கோ சகோதரர்கள் தொடங்கிய எம்பார்க் என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தின் பட்டியலில் இப்போது அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. இந்தியத் தெருவிலிருந்து தத்தெடுத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோன நாய்களின் அறிக்கையில் அந்தப் பெயர் வருகிறது: தெற்காசிய ஊர் நாய்.