கொல்லைக் குட்டையும் உத்திரமேரூர் ஏரி வாரியமும்

ஊர்ப்பக்கம் கால் ஏக்கர், அரை ஏக்கர் வாங்கிப் போட்ட சென்னை, கோவை நண்பர்கள் பலருக்கும் வீட்டுக்குப் பின்னால ஒரு குட்டை வெட்டணும்னு ஆசை. நல்ல ஆசைதான். எத்தனை அடி ஆழம், தார்ப்பாய் விரிக்கணுமா, மீன் விடலாமான்னு எல்லாம் கேட்கிறாங்க. தூரை யார் வாருறதுன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 30 அடிக்கு 30 அடி, ஆழம் 5 அடின்னு வெச்சுக்கங்க. 4,500 கனஅடி, அதாவது சுமார் 1,27,000 லிட்டர் தண்ணி. மழையோட வர்ற மண்ணு அடியில ஒரே ஒரு அங்குலம் படிஞ்சாலும் 75 கனஅடி இடம் போச்சு, 2,100 லிட்டருக்கு மேல. மேட்டு நிலத்து ஓடை நேரா வந்து விழுற குட்டைன்னா ரெண்டு மழைக்கே கால் புதையும். வெட்டுற வேலையை மிஷின் ரெண்டு நாள்ல முடிச்சிரும். அதுக்கப்புறம் மண்ணோட நடக்கிற சண்டைதான் குட்டையோட மொத்த ஆயுசும்.

இந்தச் சண்டை நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லை. பழைய ஏரிகள்ல குமிழித் தூம்புன்னு ஒண்ணு இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் போனா நிறையப் பார்க்கலாம். ஏரிக்குள்ள ரெண்டு கல்தூண், குறுக்கே பலகைக்கல், கீழே கல் தொட்டி, அங்கிருந்து கரைக்கு அடியில போற சுரங்கக் கால்வாய். தொட்டியில தண்ணி போக மேலே ஒரு துளை, சேறு போகத் தரையை ஒட்டி இன்னொரு துளை. தூம்பைத் திறந்தா தண்ணியோட சேர்ந்து கொஞ்சம் வண்டலும் வயலுக்குப் போயிரும். தூர் வாருற வேலையில ஒரு பங்கை ஏரியே பார்த்துக்கும், பயிருக்கும் சத்து.

மிச்சத்தை மனுஷன்தான் அள்ளணும். ஏரியில படகு விட்டு மண் அள்ளுறதுக்குன்னே பொன்னும் நெல்லும் தானம் கொடுத்த செய்தி பழைய கல்வெட்டுகள்ல இருக்கு. கோயிலுக்கு விளக்கெரிக்கத் தானம் கொடுக்கிற மாதிரி, சேறு அள்ளவும் தானம்! எனக்கு ராஜாக்கள் ஏரி வெட்டின கதையை விட இந்தச் செய்திதான் பெருசாத் தெரியுது. புது ஏரிக்குத் தன் பேரை வைக்கலாம். சேறு அள்ளினதுக்கு என்ன பேர் வைக்க முடியும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறை எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆகிய ஆண்டுகள். 30 குடும்புகள்ல ஓலை எழுதிக் குடத்துல போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தாங்க. அதுல தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள்தான். வயசு 35-க்கு மேலே, 70-க்குள்ளே. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாம விட்டவர் பேரும், அவருக்கு நெருங்கின சொந்தக்காரங்க பேரும் குடத்துக்குள்ள போகக்கூடாது. ஏரிக்குன்னு வருமானமும் பொறுப்பான ஆளும் இருந்தாலும் கணக்கு கேட்காட்டி காணாமப் போயிரும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

இதைச் சொல்லி "பார்த்தீங்களா நம்ம முன்னோர்களை"ன்னு மார்தட்ட எனக்கு இஷ்டமில்லை. அது பிராமணர்களுக்கு விட்ட ஊர். சொந்தமா நிலமும் மனையும் இருந்து, வேதமும் படிச்சவங்க பேருதான் ஓலையில வரும். கூடையில சேறு சுமந்தவங்க பேரு குடத்துக்குள்ள போகவே இல்லை. பின்னால குடிமராமத்துன்னு வந்த வழக்கத்துலயும் இதே கதைதான். நிலம் உள்ளவர் தன் பங்கு வேலைக்கு ஆள் அனுப்புவார். போற ஆளுக்குப் பெரும்பாலும் அந்தத் தண்ணியில பாயுற நிலம் ஒரு குழிகூட இருக்காது.

சரி, அந்த ஏற்பாடு எப்படிக் குலைஞ்சுது? 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊரா அளந்து கணக்கு எழுதினார். களத்துல நெல்லைப் பிரிக்கும்போது கோயிலுக்கு, வெட்டியானுக்கு, தச்சருக்குப் பங்கு ஒதுக்குற மாதிரி ஏரிக்கும் ஒதுக்கினது அதுல பதிவாகியிருக்கு. கம்பெனி ஆட்சியில ரயத்துவாரி வந்ததும் வரி தனித்தனியா ஒவ்வொரு பட்டாதாரர்கிட்ட இருந்து நேரா கஜானாவுக்குப் போச்சு. களத்துல ஏரியோட பங்கு மெல்ல மெல்லக் கரைஞ்சுது. காசை வாங்கிக்கிட்டு வேலையை மட்டும் ஊர் செய்யணும்னா எவன் வருவான்? 1858-ல கட்டாய வேலைச் சட்டம் போட்டாங்க. கரை உடையுற ஆபத்துக்கும் வழக்கமான பாசன வேலைக்கும் ஆளைக் கட்டாயப்படுத்தலாம்னு. விட்டுப்போன பழக்கத்தைச் சட்டத்தால இழுத்துக் கொண்டுவர முடியலை. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். அதுக்கப்புறம் 1883-ல ஏரிகளைச் சீரமைக்க அரசாங்கமே தனித் திட்டம் ஆரம்பிச்சுது. 2017-ல குடிமராமத்துங்கிற பழைய பேரிலேயே மறுபடி ஒரு திட்டம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வெள்ளைக்காரன் மேலயே பழியைப் போட்டுட்டு நாம ஒதுங்கிக்க முடியாது. எங்க அப்பா காலத்துல கோடையில ஏரி காஞ்சா வண்டி வண்டியா கரம்பை மண் அடிப்பாங்க. அதுதான் அடியுரம். ஆளாளுக்குத் தன் வயலுக்கு அள்ள, ஏரி தானா ஆழமாகும். யூரியா மூட்டை வந்ததும் வண்டல் வேண்டாத பொருளாச்சு. வேண்டாததை யாரு மெனக்கெட்டு அள்ளுவா?

உங்க கொல்லைக் குட்டைக்கு வருவோம். ஆழம் 5 அடி போதும். பக்கத்தைச் செங்குத்தா விடாம சரிவா, படிப்படியா வெட்டுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடுன்னா வேலி கட்டாயம். தண்ணி வர்ற வாய்க்கால்ல குட்டைக்கு நாலடி முன்னால ஒரு சின்னப் பள்ளம் எடுத்து விட்டீங்கன்னா பெரும்பகுதி மண்ணு அதுலயே தங்கிரும். அதை ஒவ்வொரு மழைக்கும் பின்னால ஒரே ஆள் அரை மணி நேரத்துல அள்ளிரலாம். நிறைஞ்ச தண்ணி வெளியே போக ஒரு ஓரத்துல கல் பதிச்சுக் கலிங்கு மாதிரி விடுங்க, இல்லாட்டி முதல் பெருமழைக்கே கரை போயிரும். கோடையில ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாப் போனாலே இந்த அளவு குட்டையில 400 லிட்டர் குறையும். அதனால சித்திரையில வத்தத்தான் செய்யும். மோட்டார் போட்டு நிரப்பாதீங்க, வத்தட்டும். அப்பதான் வார முடியும். வெளிய இருந்து ஆள் கிடைக்கலைன்னா வீட்டுல இருக்கிறவங்களே ஆளுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கங்க.

வாரின மண்ணை வித்துராதீங்க, செங்கல் சூளைக்காரர் கேட்டு வருவார். தென்னைக்கு மரத்துக்கு நாலஞ்சு பாண்டு போடுங்க. மிச்சத்தைக் கரை மேல கொட்டி மிதிச்சு விட்டா ஆடி மாசத்துக்குள்ள அருகம்புல் பிடிச்சிரும்.