விலகிச் செல்லும் கடல்: சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் ஓய்வும் வணிகமும்

சிங்கப்பூரில் பீச் ரோடு என்றொரு சாலை உண்டு. அச்சாலையில் நின்று நோக்குவார்க்குக் கடல் புலப்படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய நிலமீட்புப் பணிகள் கடலை அப்பெயரினின்று பிரித்துவிட்டன. நகருக்குக் கிழக்கே ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்கும் இதே நிலை நேர்ந்தது. ஆயின் அது நம் காலத்திலேயே, இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்து முடிந்தது. கடற்கரையை மக்களின் ஓய்வுக்கு ஒதுக்குவதா, வணிக வளர்ச்சிக்கு வழங்குவதா என ஆராய்வோர் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளாகக் கொள்வது வழக்கம். கிழக்குக் கரையின் வரலாறு அவ்வுவமைக்குள் அடங்குவதாக இல்லை. நீரின் விளிம்பு யாருடையது என்னும் வினாவே அங்கு முந்தி நின்றது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

1960களுக்கு முற்பட்ட காத்தோங் கரையைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் பலவும் அதனை எல்லார்க்கும் திறந்து கிடந்த மணற்பரப்பாகவே தீட்டுகின்றன. இது பாதி உண்மையே. கரையின் பெரும்பகுதியில் செல்வர்தம் பங்களாக்கள் கடல்வரை நீண்டிருந்தன. 1894இல் தோன்றிய சிங்கப்பூர் நீச்சல் கழகமும் 1905இல் தோன்றிய சீனர் நீச்சல் கழகமும் உறுப்பினர்க்கு உரியவை. சீவியூ போன்ற விடுதிகள் பணம் உடையார்க்கு உரியவை. சாதாரண மக்களுக்கு வாய்த்தது காத்தோங் பூங்காவில் வேலியிட்டுக் காத்த சிறு குளிப்பிடம். (1879இல் எழுப்பிய தஞ்சோங் காத்தோங் கோட்டை அப்பூங்காவின் அடியிலேயே புதைந்து கிடந்தது, அதன் அகழாய்வு 2004இல்தான் தொடங்கியது.) இவற்றினும் வேறாகச் சிக்லாப், பிடோக் பகுதிகளின் மலாய்க் கம்பங்களில் கடலையே நம்பி வாழ்ந்த மீனவர் இருந்தனர்.

இந்நிலையை மாற்றியது முதலில் மண்வெட்டி அன்று, சட்டம். சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்த 1964ஆம் ஆண்டில் கடலோர நிலச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை, நிலமீட்பினால் தம் வீட்டுக்கு முன்னுள்ள கடலை இழப்போர் அதற்கு இழப்பீடு கோர இயன்றது. திருத்தத்திற்குப் பின்னர் அவ்வழி அடைபட்டது. பொதுப் பணத்தால் விளையும் பயனைத் தனியார் ஒருசிலர் அறுவடை செய்தலாகாது என்பது அரசின் வாதம். கடலைக் காணும் உரிமை சொத்துரிமையின் பகுதியாக இருந்திருப்பின், பின்னர் நடந்தவை இத்துணை விரைவாகவும் இத்துணைக் குறைந்த செலவிலும் நடந்திரா.

1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புத் திட்டம் ஏழு கட்டங்களாக 1980களின் நடுப்பகுதிவரை நீண்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இதனை மேற்கொண்டது. பிடோக், தெம்பனிஸ் பகுதிகளின் குன்றுகளை இயந்திரங்கள் குடைந்தெடுக்க, அம்மண் நகரும் பட்டைகளின்மீது ஊர்ந்து கடலை அடைந்தது. இவ்வாறு 1,525 ஹெக்டேர் நிலம் கிட்டியது. மீட்பு என்னும் சொல்லை நாம் இதற்கு ஆள்கிறோம். இழந்த பொருளைத்தானே மீட்பர்? கடலடி நிலத்தை எவர் எப்போது இழந்தனர் என எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புதுநிலத்தில் மரின் பரேட் குடியிருப்பு எழுந்தது. அடுக்குமாடித் தனியார் வீடுகளும் கடைத்தொகுதியும் தொடர்ந்தன. 1981இல் திறக்கப்பெற்ற சாங்கி விமான நிலையத்தை நகருடன் இணைக்க விரைவுச்சாலை ஓடியது. அவ்விரைவுச்சாலைக்கும் நீருக்கும் இடைப்பட்ட பட்டையே ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. நீளம் 15 கிலோமீட்டர். பரப்பு 185 ஹெக்டேர். கடலிலிருந்து பெற்றதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு எனலாம். பங்கு சிறிதே, ஆயினும் நீரின் விளிம்பில் பெரும்பகுதி அப்பங்கினுள் அமைந்தது. வணிகம் கரையை விழுங்கிற்று என்பாரும், அரசு மக்களுக்குக் கரையை ஈந்தது என்பாரும் இவ்விடத்தில் ஒருங்கே தடுமாறுவர். வீடும் கடையும் சாலையும் வேண்டியிராவிடில் இப்பூங்காவே தோன்றியிராது.

மணலும் தானாக அங்குத் தங்கவில்லை. அலைகள் புதுக்கரையை அரிப்பதைத் தடுக்கக் கடலுக்குள் இடைவெளிவிட்டுச் செயற்கை முனைகள் கட்டப்பட்டன. அவற்றுக்கிடையே அலையே மணலை வளைத்துப் பிறைவடிவான சிறு குடாக்களை ஆக்கிற்று. இன்று குடும்பங்கள் பாய் விரிக்கும் ஒவ்வொரு வளைவும் பொறியாளர் கணக்கிட்ட வளைவு என்பது அங்கு அமர்வோரில் எத்துணைப் பேர்க்குத் தெரியுமோ! பூங்காவிற்குள்ளும் வணிகம் வந்து சென்றவாறே உள்ளது. 1977இல் தொடங்கிய பிக் ஸ்பிளாஷ் கட்டணம் பெற்ற நீர்விளையாட்டுக் கூடம். அது மறைந்த இடத்தில் 2021இல் கட்டணமற்ற விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது.

தராசு உவமையின் குறைபாடு மீனவரிடத்தில்தான் முற்றும் வெளிப்படுகிறது. அவர்களை ஓய்வுத் தட்டில் வைப்பதா, வணிகத் தட்டில் வைப்பதா? பட்டினப்பாலையை நினைவுகூர்தல் இவ்விடத்துப் பொருந்தும். புகாரின் கரையில் சுங்கம் கொள்வோர் பொதிகளுக்குப் புலி முத்திரை இடுவர். அதே ஊரின் கரையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது உண்டு விளையாடுவர். அங்கு விளையாடுவோர் அக்கடலில் உழைப்போரே. கிழக்குக் கரையிலோ, உழைத்தோர் வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். விளையாடுவோர் பிற பேட்டைகளிலிருந்து வந்தனர். கம்போங் சிக்லாப் பள்ளிவாசல் மட்டும் இன்றும் மரின் பரேட் ரோட்டில், கடலுக்கு எட்டாத தொலைவில் நிற்கிறது.

இவ்வரலாறு முடிந்துவிட்டதாயின் நாம் இத்துணை எழுத வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டத்திலேயே இடம்பெற்ற லாங் ஐலண்ட் 2023 நவம்பரில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. மரினா ஈஸ்ட் முதல் தானா மேரா வரை, இன்றைய பூங்காவிற்கு அப்பால், ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலில் எழுப்புவது அதன் நோக்கம். இம்முறை காரணம் நிலப் பற்றாக்குறை மட்டுமன்று. 2100ஆம் ஆண்டிற்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலின் மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என 2024இல் வெளியான ஆய்வு கணித்துள்ளது. கரைநெடுகச் சுவர் எழுப்பும் மாற்றுவழி, மக்களைக் கடலினின்று பிரித்துவிடும் என்பதையும் காட்டி ஒதுக்கப்பட்டது. ஓய்வுக்கான கரை ஒரு கடற்காப்புத் திட்டத்தின் வடிவத்தையே முடிவுசெய்யும் காரணங்களுள் ஒன்றாகியுள்ளமை 1966இல் எண்ணிப்பார்த்திராத வளர்ச்சியாகும். புது நிலத்தில் 20 கிலோமீட்டர் நீர்முகப் பூங்காக்களும் வாக்களிக்கப்பட்டுள்ளன.

ஆயினும் பழைய பூங்காவிற்கும் புதுநிலத்திற்கும் இடையே அமையவிருப்பது நன்னீர்த் தேக்கம். காத்தோங் பங்களாக்களுக்கு நேர்ந்தது இனிப் பூங்காவிற்கு நேரும். அன்று இழந்தோர் சிலர், இம்முறை இழப்போர் பொதுமக்கள். 1964இன் திருத்தம் தனியாரின் கடலை மக்களுடையதாக்கிற்று. மக்களின் கடல் அகலும்போது அதனை அளக்க நம்மிடம் எவ்வளவை உள்ளது எனத் தெரியவில்லை. பிடோக் படகுத்துறை வணிகர் ஒருவர் தம் தொழிலுக்காகக் கட்டியது. பின்னர் விடியுமுன்னரே அங்குத் தூண்டில்காரர் வரிசையாக நிற்பது வழக்கமாயிற்று. அவர்களுள் சிலரது தூண்டில் ஐம்பதாண்டுப் பழக்கமுடையது. அவர்களிடம் இப்போதே பேசிப் பதிவுசெய்து வைக்க நம் மாணவர் எவரேனும் முன்வருவாராயின் நன்று.