பாதசாரி வழியுரிமை (கன்னியாகுமரி மாவட்டம்)

சாலையில் நடப்பவருக்கு வாகன ஓட்டி வழிவிட வேண்டிய சட்டக் கடமை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இதை வகுக்கின்றன. சிக்னலோ போலீஸோ இல்லாத ஜீப்ரா கோட்டை நெருங்கும் ஓட்டி வேகத்தைக் குறைத்து, தேவையானால் நின்று, கடப்பவருக்கு வழிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இவ்வுரிமை உண்டு. நடைபாதையில் வண்டி ஓட்டுவது குற்றம். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது.

இம்மாவட்டத்தில் விதியின் அருமை சிவாலய ஓட்டத்தன்று விளங்கும். மகா சிவராத்திரியை ஒட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், பக்தர்கள் நடந்தும் ஓடியும் செல்கின்றனர். கையில் பனையோலை விசிறி, குளித்த ஈரம் காயாத காவித்துண்டு, வாயில் “கோவிந்தா, கோபாலா”. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வளைந்த குறுகிய ரோடுகளில் பல இடங்களில் நடைபாதையே கிடையாது. இருட்டில் வெறுங்காலுடன் தார் விளிம்பில்தான் ஓட வேண்டும். ஊர்வலத்தைக் கடக்கும் வண்டிக்கு 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் என வரம்பு கட்டியிருந்தன. அந்த இரவுகளுக்கு அது மிகப் பொருத்தமான அளவு. நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்புறமாக, எதிர்வரும் வண்டி கண்ணில் படும்படி நடப்பதே பாதுகாப்பு.