19 முறை செப்சிஸுக்கு ஆளான சிறுவன்

ஒரே கிருமி பல குழந்தைகளின் தொண்டையில் தீங்கின்றித் தங்கியிருக்க, அவர்களுள் ஒரு குழந்தையின் குருதியில் மட்டும் புகுந்து உயிரைப் பறிப்பது ஏன்? மருத்துவம் இதற்கான விடையைப் பெரிதும் கிருமியின் வீரியத்திலும் குழந்தையின் ஊட்டக்குறைவிலுமே தேடிவந்தது. அத்தேடலைக் குழந்தையின் மரபை நோக்கித் திருப்பியதில் ஒரு சிறுவனுக்குப் பெரும் பங்குண்டு.

வாஷிங்டனின் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்னும் குழந்தை மருத்துவரிடம் வந்த அச்சிறுவனுக்கு வயது எட்டு. நான்கு ஆண்டுகளில் 19 முறை செப்சிஸ் கண்டிருந்தான். குருதியில் மீண்டும் மீண்டும் தென்பட்டது நியூமோகாக்கஸ். நுண்ணுயிர்க்கொல்லிகள் தோன்றுவதற்கு முன் பிறந்திருந்தால் முதல் தாக்குதலிலேயே அவன் இறந்திருக்கக்கூடும். அவனது குறையும் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. தடுப்பூசி இட்டும் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. எலக்ட்ரோபோரெசிஸ் முறையில் குருதிப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, காமா குளோபுலின் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறர் குருதியிலிருந்து எடுத்த அப்புரதத்தை மாதந்தோறும் செலுத்தியபின், ஓராண்டுக்கும் மேலாக அவனுக்குச் செப்சிஸ் வரவில்லை. 1952இல் புரூட்டன் இதனை வெளியிட்டார்.

நோய்க்கு அவர் இட்ட பெயர் 'அகாமாகுளோபுலினீமியா'. முன்னிற்கும் கிரேக்க 'அ', நாம் 'அநீதி' என்பதில் காணும் வடமொழி 'அ'வுக்கு உறவான எதிர்மறை முன்னொட்டு. இன்மையைச் சொன்ன அப்பெயர் காரணத்தைச் சொல்லவில்லை. இந்நோய் எக்ஸ் நிறப்புரி வழியே ஆண்பிள்ளைகளைத் தாக்குவது விரைவில் புலனாயிற்று; பழுதுற்ற மரபணுவான பிடிகே 1993இல்தான் அகப்பட்டது.

அரிய குறைபாடு இல்லாத பிறருக்கும் மரபு பொருட்டா? டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டோரை ஆராய்ந்து 1988இல் வெளியான ஆய்வு, பெற்றவருள் ஒருவர் 50 வயதுக்குமுன் தொற்றால் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றால் அகாலத்தில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்றது. வளர்த்தவரின் மரணத்துக்கு அத்தகைய தொடர்பு இல்லை. இதன்பின் டிஎன்எஃப் முதலிய மரபணுக்களின் பொதுவான மாறுபாடுகளைத் தேடிய ஆய்வுகள் பெருகின. சிறு எண்ணிக்கையில் நடந்த அவற்றுள் பல, மறு ஆய்வில் நிலைக்கவில்லை.

தெளிவு மீண்டும் அரிய குழந்தைகளிடமிருந்தே வந்தது. 2003இல் கண்டறியப்பட்ட ஐராக்-4 குறைபாட்டில், கிருமி நுழைந்ததை உடலுக்கு அறிவிக்கும் சமிக்ஞை அறுபடுகிறது. காய்ச்சலும் அழற்சிக் குறிகளும் தொடக்கத்தில் மங்கலாகவே இருப்பதால், நோய் முற்றும்வரை மருத்துவரும் ஏமாறக்கூடும். இக்குழந்தைகளுள் பலர் சிறுவயதிலேயே இறந்துள்ளனர். பதின்ம வயதைத் தாண்டியவர்களுக்கோ, மரபணுப் பழுது அப்படியே இருந்தும், கடுந்தொற்று அரிதாகிவிடுகிறது.