துணி காக்கும் கல்வி

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் இரண்டு ஆடைகள் வருகின்றன. ஒன்று, பொருநன் உடுத்து வந்த கந்தல். வேர்வையில் நனைந்து, வேறு நூலால் தைக்கப்பெற்றது. மற்றொன்று, கரிகாலன் அளித்த புத்தாடை. இழை ஓடிய வழி கண்ணுக்குப் புலப்படாதது, பாம்பின் உரியை ஒத்தது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தமையால் பாட்டு நம் கைக்கு வந்தது. ஆடை வரவில்லை. ஓலை மடியுமுன் வேறோர் ஓலையில் படியெடுக்கலாம். துணிக்கு அவ்வழி இல்லை.

பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகளோ அயல்நாடுகளில் எஞ்சியுள்ளன. சுலவேசித் தீவின் தோராஜா மக்கள் அவற்றைக் குலச்சொத்தாகப் பேணினர். சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்திலும் அவ்வகைத் துணிகள் உண்டு. நெய்தவன் வீட்டில் அழிந்தது வாங்கியவன் வீட்டில் வாழ்கின்றது!

நம்மவரிடம் அன்பு குறைவன்று, அறிவே போதவில்லை. ஆங் மோ கியோவின் அடுக்குமாடி வீடுகளில் பாட்டியின் கூறைப்புடவை நெகிழிப் பைக்குள் அந்துருண்டையோடு கிடப்பதைக் காணலாம். ஈரம் மிகுந்த இத்தீவில் அப்பை புழுக்கத்தை உள்ளே அடைக்கும். வெள்ளிச் சரிகை கறுக்கும். மடித்த இடத்தில் பட்டு இற்றுப்போகும்.

இவ்வறிவைத் தனிக்கல்வியாக வளர்த்தவர்களுள் கேரன் பிஞ்ச் அம்மையார் முதன்மையானவர். டென்மார்க்கில் பிறந்து நெசவு கற்றவர். 1975இல் இலண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் துணிப் பாதுகாப்பு நிலையத்தை நிறுவினார். நெசவறிந்த ஒருவர் இதனைத் தொடங்கினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்நிலையம் 1999இல் வின்செஸ்டருக்கு மாறி, 2009இல் பொருள் முட்டுப்பாட்டால் மூடப்பட்டது. மறு ஆண்டே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அப்பயிற்சி மீண்டும் தளிர்த்து, ஈராண்டுப் பட்டப்படிப்பாயிற்று.

அங்கே முதலில் கற்பது கையை அடக்குதல். அழுக்கைக் கண்டதும் துவைத்தல், கிழிசலைக் கண்டதும் தைத்தல் என்னும் பழக்கம் விடவேண்டும். நூல் பருத்தியா பட்டா என நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சாயம் நீரில் கசியுமா என ஓர் ஓரத்தில் சோதித்த பின்னரே கழுவுவதா என்ற பேச்சு. பழைய அச்சுத்துணிகளில் கறுப்புக் கோடுகள் மட்டும் உதிர்ந்திருக்கும்; படிகாரத்தோடு சேர்ந்த வேர்ச்சிவப்பு அப்படியே நிற்கும். கருஞ்சாயத்தில் கலந்த இரும்பு, தான் ஊறிய நூலையே அரித்துவிடுவதே காரணம். கிழிந்த இடத்திற்கு அடியில் வேறு துணி கொடுத்துத் தாங்குவர். இல்லாததை இருப்பதுபோல் காட்டார். செல்லரித்த சொல்லுக்குத் தம் சொல்லை இடாமல் புள்ளியிட்டு நகரும் நல்ல பதிப்பாசிரியரின் நெறியே இது. அவர்களிடம் பொருநனின் கந்தல் கிடைத்திருந்தால், புத்தாடைக்கு நிகராக அதனையும் போற்றியிருப்பர். அந்த ஒட்டுத்தையலும் வரலாறு அன்றோ?

வேதியியல் அறிவு தமிழகத்திற்குப் புதிதன்று. 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் ஆய்வுக்கூடம் அமைத்து, செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்னாற்றலால் நீக்கினார். தறியறிவோ காஞ்சியிலும் பிற ஊர்களிலும் தலைமுறையாக உண்டு. இரண்டும் ஒருவரிடத்தே கூடவேண்டும்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு ஜூரோங்கில் திறக்கப்பட்ட மரபுடைமைப் பாதுகாப்பு நிலையத்தில் துணிக்கெனத் தனிப் பிரிவே உண்டு. ஆங் மோ கியோவில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கின்றது. அங்கு வேதியியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் ஊசியும் தறியும் பழகிக்கொண்டால், கிளாஸ்கோ வழியாக ஜூரோங்குக்குச் செல்லும் பாதை அவருக்கு எட்டாததன்று.