திரைக்குப் பின் நின்ற ஒளி

வெண்துணியை இழுத்துக் கட்டி, அதன் பின்னே விளக்கேற்றி, இடையில் தோற்பாவைகளை ஆட்டிக் கதை சொல்வது தமிழர் மரபு. கிளந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட் கலையும் அத்தகையதே. காண்போர் ஒருபுறம், ஒளி மறுபுறம், நடுவே திரை. இப்பழைய அமைப்பை மின்னணுக் கருவிகளால் வளர்த்தெடுத்ததே, திரையின் பின்னிருந்து படத்தை வீழ்த்தும் பெருந்திரைத் தொலைக்காட்சி. ஒரு காலத்தில் வீடுகளையும் மன்றங்களையும் கவர்ந்து, பின் கடைகளிலிருந்து மறைந்துபோன அக்கருவியின் வரலாறு, பொதுப்பணம் கொண்டு பொருள் வாங்கும் பொறுப்பில் உள்ள ஆசிரியர்களுக்கு நல்லதொரு பாடமாகும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி, 1963 டிசம்பர் 28ஆம் நாள், அம்பாங் சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் பிறந்தது. 1969இல், பிரிக்பீல்ட்சுக்கு அண்மையிலுள்ள அங்காசாபுரிக்கு இடம்பெயர்ந்தது. 1972 ஜூன் 19இல் கல்வி அமைச்சின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 1978இன் இறுதியில் வண்ணமும் வந்து சேர்ந்தது. ஆயின் திரையோ சிறிது, வகுப்போ பெரிது. பின்வரிசை மாணவனுக்குத் திரையில் தோன்றும் எழுத்து எட்டாக்கனியே.

திரையை விருப்பம்போல் பெரிதாக்க இயலவில்லை. படக்குழாய் என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கலம். அகலம் கூடக்கூட, வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடியின் தடிப்பும் கூட வேண்டும். 36 அங்குலத்தை எட்டியபோதே பெட்டியைத் தூக்க இருவர் திணறினர்.

இத்தடையை வெல்ல அறிஞர் கண்ட வழி, சிறிய படத்தை உருவாக்கிப் பெரிதாக வீழ்த்துவதாகும். 1940களின் இறுதியிலேயே அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இவ்வகைப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. வண்ணக் காலத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மூன்று சிறு படக்குழாய்களைப் பெட்டியின் அடியில் அமைத்தனர். மூன்று படங்களும் வில்லைகளால் பெருக்கப்பட்டு, சாய்ந்து நின்ற ஆடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்புறத்தில் ஒன்றாய் விழுந்தன. இருட்டுக் காட்சி இருட்டாகவே தெரிந்தது இதன் சிறப்பு. மூன்று படங்களும் மயிரிழை பிசகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தோன்றியது இதன் குறை.

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் மூன்று புதிய முறைகள் போட்டிக்கு வந்தன. மூன்றிலும் ஒளி தந்தது ஒரு வலிய விளக்கு. எல்.சி.டி. முறை அவ்விளக்கொளியை மூன்று நிறமாகப் பிரித்து, மூன்று திரவப் படிகத் தகடுகளின் ஊடே செலுத்தியது. படம் பளிச்சிட்டது, ஆயினும் இருட்டு சாம்பல் பூத்தது, அருகில் சென்றால் கொசுவலை போன்ற கட்டங்கள் கண்ணில் பட்டன. டி.எல்.பி. முறை, டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த நுண்ணாடிச் சில்லைக் கொண்டது. இலட்சக்கணக்கான ஆடிகள் அச்சில்லில் நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து நிமிர்ந்தன. நிறத்தைச் சுழலும் வண்ணச் சக்கரம் தந்ததால், விழியை விரைந்து திருப்பும் சிலருக்கு வானவிற் கீற்றுகள் தோன்றி மறைந்தன. எல்காஸ் முறையோ ஆடிபோன்ற சிலிக்கன் தளத்தின்மேல் திரவப் படிகத்தைப் பரப்பியது. ஜே.வி.சி., சோனி நிறுவனங்கள் வளர்த்த இம்முறையில் படம் மென்மையானது, விலை வன்மையானது.

இந்நான்கில் எதை வாங்குவது? செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்சில், 2006இல் ஒரு சங்க மண்டபத்துக்குப் பெட்டி தேடும் செயலவையினரைக் கற்பனை செய்து பார்ப்போம். கடையின் மங்கிய ஒளியில் நான்குமே மனத்தைக் கவரும். மண்டபத்திலோ நிலைமை வேறு. பகலில் பேச்சுப் போட்டி நடக்கையில் சன்னல் வழியே வெயில் புகும். படக்குழாய்ப் பெட்டி மங்கும். இரவில் உலகக் கிண்ணக் காற்பந்து காண்கையில் கோல் கணக்கு திரையின் மூலையில் அசையாது நிற்கும். நாளடைவில் அப்பெட்டியின் குழாய்களில் தழும்பாகப் பதியும். சிறுவர் பாயில் அமர்வர். பெரியவர் நாற்காலியில் அமர்வர். பிந்தி வந்தோர் பின்னே நிற்பர். இவ்வகைத் திரைகள் ஒளியைக் கண்மட்டத்துக்கு நேரே குவித்து அனுப்புவதால், அமர்ந்தவர்க்கு ஒளிரும் படம் நிற்பவர்க்கு மங்கும். புதிய முறைகளின் விளக்கோ சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும். நாளுக்கு 6 மணி ஓடினால் ஆண்டுக்கு 2,190 மணி ஆகிறது. பெட்டியின் விலையோடு அடுத்தடுத்த விளக்குகளின் விலையையும் கூட்டிப் பார்த்தவரே உண்மை விலையை அறிந்தவர் ஆவார்.

வரலாறோ இந்நான்கில் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. சுவரில் மாட்டக்கூடிய தட்டைத் திரைகளின் அளவு ஆண்டுதோறும் பெருகியது. விலை ஆண்டுதோறும் இறங்கியது. 2007 டிசம்பரில் சோனி இவ்வகைப் பெட்டிகளின் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. நெடுநாள் தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் விலகிக்கொண்டது. பெட்டிக்குரிய உதிரிப் பொருளும் பழுது பார்ப்போரும் அரிதாயினர்.

இவ்வரலாறு பள்ளிக்கு அயலானது அன்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, மடிக்கணினியோடு புரொஜெக்டர் எனப்படும் படவீழ்த்தியும் நம் பள்ளிகளுக்கு வந்தது. அக்கருவிக்கும் தேய்ந்தொழியும் விளக்கே உயிர். விளக்கு அணைந்தால் பாடமும் நின்றுவிடும்; மாற்று விளக்குக்கான பணத்தைக் கருவி தேடித் தராது.

எனவே, புதுக்கருவி வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வெள்ளி திரட்டும்போதெல்லாம், ஆசிரியர் கேட்க வேண்டியவை சிலவே. நம் அறையின் பகலொளியில் இது தெரியுமா? கடைசி வரிசைக்கும் தெரியுமா? இதில் தேய்வது எது, அதன் விலை என்ன? ஐந்தாண்டு கழித்து இதைப் பழுது பார்ப்பவர் யார்? கருவிகள் மாறினும் இக்கேள்விகள் மாறா. தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் தந்த காசு அது. அக்காசுக்கு, கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளையின் கண்ணில் எழுத்து தெளிவாகத் தெரிவதே நாம் காட்டக்கூடிய நேர்மையான கணக்கு.