ஒப்பந்தத்தில் எழுந்த நகரம்: லேக்வுட் திட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

பெருநகரம் ஒன்றின் ஓரத்தில் புதிதாக எழும் குடியிருப்பு, பக்கத்து நகரத்தோடு இணைந்து தன் தனித்தன்மையை இழப்பதா, அல்லது தனக்கென நகரசபை அமைத்துக்கொண்டு காவல், தீயணைப்பு, சாலை முதலிய சகல பாரங்களையும் தானே சுமப்பதா என்பதே புறநகர் மக்களின் முன்னிருந்த பழைய தர்மசங்கடம். தென் கலிபோர்னியாவிலுள்ள லேக்வுட், 1954-ஆம் ஆண்டில் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது மார்க்கம் ஒன்றை நடைமுறையில் காட்டியது. சேவைகளைப் பிறரிடம் விலைக்குப் பெற்றாலும் தீர்மானிக்கும் உரிமையைப் பிறரிடம் விடலாகாது என்பதே அந்நகரின் முதற் கொள்கை. லேக்வுட் திட்டம் எனப்படும் இம்முறையின் பலத்தையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், லூயிஸ் பாயர், மார்க் டேப்பர், பென் வைன்கார்ட் ஆகிய மூவரும் லாங் பீச் நகருக்கு வடக்கே சுமார் 3,500 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி, 1950 முதல் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 17,500 வீடுகளையும் அவற்றின் நடுவே பெரியதோர் அங்காடி வளாகத்தையும் எழுப்பினர். எந்த நகரசபைக்கும் உட்படாத பிரதேசமாதலால், அங்கே காவல் புரிந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி எனும் மாவட்ட அரசின் காவல் தலைவரான ஷெரீப். சாலையைப் பராமரித்ததும் கவுண்டியே. இந்நிலையில் லாங் பீச் நகரம் இப்பகுதியைச் சிறிது சிறிதாகத் தன்னோடு இணைக்க முற்பட்டபோது, குடியிருப்போர் கலக்கமுற்றனர். வழக்கறிஞர் ஜான் டாட் முதலியோர் கண்ட உபாயம் எளிமையானது: நகரசபையை நிறுவிக்கொள்வது, ஆனால் கவுண்டி அதுவரை செய்துவந்த பணிகளை ஒப்பந்த அடிப்படையில் அதனிடமே தொடர்ந்து பெறுவது. 1954 மார்ச்சில் வாக்காளர் இதனை ஆதரிக்க, ஏப்ரலில் லேக்வுட் நகரமாயிற்று.

நகரங்களுக்காகக் கவுண்டி சிற்சில பணிகளைக் கட்டணம் பெற்றுச் செய்வது முன்பே இருந்த வழக்கம்; ஏறக்குறைய ஒரு நகரத்தின் நிர்வாகம் முழுவதையும் அவ்வாறு நடத்துவதே புதுமை. கவுண்டியும் இதற்கு மனமுவந்து இசைந்தது. ஏனெனில் புறநகர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துபோயின் அதன் இலாகாக்கள் தம் பணிகளையும் பணியாளரையும் இழக்க நேரும்.

ஒப்பந்தத்தின் இயல்பு

காவல் சேவை அளக்கப்படும் முறை இத்திட்டத்தின் உட்பொருளைப் புலப்படுத்தும். காலப்போக்கில் நிலைபெற்ற கணக்கின்படி, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரம் 7 நாளும் பணிபுரியும் 56 மணி நேரக் காவல், விலை குறிக்கப்பட்ட ஓர் அலகு. இரவும் பகலும் இடையறாத ரோந்து வேண்டுமாயின் மூன்று அலகுகள் வாங்கவேண்டும். எத்தனை அலகுகள் என்பதைக் கவுண்டியன்று, ஐந்து உறுப்பினர் கொண்ட நகரசபையே நிச்சயிக்கும். தீயணைப்பும் நூலகமும் மட்டும் தனி வரி விதிக்கும் கவுண்டி அமைப்புகளின் கீழேயே நீடித்தன.

தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதும், பெறும் சேவைக்கு வெளிப்படையான விலையை வற்புறுத்துவதும் லேக்வுட்டின் முதல் இரண்டு குறிக்கோள்கள் எனலாம். கவுண்டியோடு தனியே நின்று பேரம் பேசாமல் தன்போன்ற நகரங்களோடு ஒன்றுபட்டுப் பேசுவது மூன்றாவது. 1957-இல் உருவான கலிபோர்னியா ஒப்பந்த நகரங்களின் சங்கம் இதன் விளைவே.

பரவலும் கண்டனமும்

விற்பனை வரியில் ஒரு பங்கை ஸ்தல அரசாங்கங்களுக்கு உறுதிசெய்த பிராட்லி-பர்ன்ஸ் சட்டம் 1955-இல் நிறைவேறவே, சொத்து வரியை நம்பாமலே நகரசபை நடத்தலாம் என்ற நம்பிக்கை பரவிற்று. பால்பண்ணையாளரின் டெய்ரி வேலி 1956-இலும், நார்வாக், பெல்பிளவர், தொழிற்சாலைகள் மலிந்து குடிகள் அருகிய இன்டஸ்ட்ரி ஆகியவை 1957-இலும் நகரங்களாயின. ஆஸ்ட்ரம், டீபோ, வாரன் ஆகிய அறிஞர் 1961-இல் வெளியிட்ட கட்டுரை, பல நகரங்கள் அருகருகே இயங்கும் இத்தகைய அமைப்புக்குத் தத்துவார்த்த ஆதாரம் தந்தது.

ஆயின் கண்டனங்களும் எழாமலில்லை. தமக்கெனச் சொந்தக் காவற்படை வைத்திருந்த பழைய நகரங்கள், தம் வரிப்பணம் ஒப்பந்த நகரங்களுக்கு மறைமுக மானியமாகிறது என்று முறையிட்டன; கவுண்டியின் பொது நிர்வாகச் செலவை ஒப்பந்த நகரங்களின் மேல் ஏற்றலாகாது என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கை ஒப்பந்த நகரங்களுக்குச் சாதகமாகவே முடித்தது. அதனினும் கடுமையானது 1981-இல் அரசியல் அறிஞர் கேரி மில்லர் எழுப்பிய ஆட்சேபம்: செல்வமுடையோர் தனி எல்லை வகுத்துக்கொண்டு, ஏழைகளின் தேவைக்குரிய வரிப்பொறுப்பினின்று விலகிக்கொள்ள இம்முறை வழிவகுத்தது என்றார் அவர். லேக்வுட்டின் புதிய வீடுகள் தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கு விற்கப்படவில்லை என்பதையும் சேர்த்தெண்ணும்போது, இந்த ஆட்சேபத்தை எளிதில் புறக்கணிக்க இயலாது.

முடிபு

ரோந்துக் காரை மணிக்கணக்கில் வாங்கலாம். ஆனால் ஆற்று வெள்ளத்தையும் நெடுஞ்சாலை நெரிசலையும் காற்றின் மாசையும் எந்த ஒப்பந்தத்தாலும் நகர எல்லைக்குள் அடக்க முடியாது. தென்கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் வட்டார நகரங்கள் 1996-இல் கேட்வே நகரங்களின் கூட்டமைப்பை நிறுவிக்கொண்டது இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே. வாங்கக்கூடியதை விலையறிந்து வாங்குவதும், வாங்கமுடியாததற்காக அண்டை நகரங்களோடு பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி, சிறு நகரத்தின் சுயாட்சி தன் குடிகளுக்கு வசதியாக மட்டுமே நிற்கும். பிரதேசம் முழுமைக்கும் நியாயமாக ஆகாது.